ராயபுரத்து அடுப்பில் இத்தாலியச் சமையல்: ஆர்கானிக் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்டது, மார்ச் 2
"வீட்டில் இத்தாலியச் சாப்பாடு செய்து பார்க்க ஆசை. எல்லாமே ஆர்கானிக்காக, வெளிநாட்டுச் சரக்காக இருந்தால்தான் அந்த ருசி வரும் என்கிறார்கள். கணக்குப் போட்டால் நாலு பேர் சாப்பிட ஒரு வேளைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகிறது. நம்ம மாதிரி வீட்டுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?"

மார்ச் 2, இரவு 10.15
ஒத்துவரும். அந்தக் கணக்குதான் தப்பு.

எங்க அண்ணன் இருபது வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இத்தாலியின் ஜெனோவா, நேப்பிள்ஸ் துறைமுகங்களில் கப்பல் நாள்கணக்கில் நிற்கும். லீவில் ராயபுரம் வந்தால் அவர் கையால் ஒரு நாளாவது சமைத்துப் போடுவார். முதன்முதலில் செய்தது பூண்டு, காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய், ஸ்பாகெட்டி (நூல் மாதிரி நீளமான பாஸ்தா), உப்பு. வேறு எதுவும் இல்லை. அம்மா சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்றார். அண்ணன் "இவ்வளவுதான்மா, சாப்டு பாரு" என்றார். அம்மா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அங்கே ஏழைபாழைகள் ராத்திரி வேலை முடிந்து வந்து பத்து நிமிஷத்தில் செய்து சாப்பிடுகிற சாப்பாடு அது என்று அண்ணன் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நாலு பேருக்கு 350 கிராம் ஸ்பாகெட்டி போதும். பூண்டு எட்டுப் பல், நசுக்காமல் மெல்லிசாகச் சீவுங்கள். எண்ணெய் ஆறு மேசைக்கரண்டி. எண்ணெய் காய்வதற்கு முன்பே பூண்டைப் போட்டுச் சின்னத் தீயில் வையுங்கள். ஓரம் பொன்னிறமாகத் தொடங்கியதும் மிளகாயைக் கிள்ளிப் போட்டு இறக்கிவிடுங்கள். பூண்டு கருகினால் மொத்தமும் கசக்கும், அதற்கு மாற்று மருந்து கிடையாது, மறுபடி புதுசாகத்தான் போட வேண்டும்.

காசு கொடுக்க வேண்டியது இரண்டுக்குத்தான்: பாஸ்தா, எண்ணெய். மற்றதெல்லாம் கல்மண்டபம் மார்க்கெட்டிலேயே இருக்கிறது. ஆர்கானிக் முத்திரையைப் பற்றிக் கவலையே படாதீர்கள்.

மார்ச் 3, மதியம் 1.40
நேற்று கடைசி வரியை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். கவலையே படாதீர்கள் என்று சொன்னது சரியில்லை. ராத்திரி படுத்த பிறகு யோசித்தேன்.

உப்பைத் தவிர நாலே சாமான் போட்டுச் செய்கிற சமையலில் ஒவ்வொன்றும் தனியாக நாக்கில் தெரியும். நம்ம சாம்பாரில் ஒரு காய் சுமாராக இருந்தால் புளியும் பொடியும் அதை மூடிவிடும், இங்கே மூட எதுவும் இல்லை. அதனால் சாமான் நல்லதாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் நல்லது என்பது வேறு, ஆர்கானிக் என்பது வேறு. ரசாயன உரமும் செயற்கைப் பூச்சிமருந்தும் போடாமல் விளைவித்தது என்பதற்குத்தான் அந்த முத்திரை. ருசிக்கு அது பொறுப்பேற்காது. இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தோஷம்.

முத்திரையை நம்பி வாங்குவதாக இருந்தால் அதைப் படிக்கவாவது தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பியப் பொட்டலத்தில் பச்சைப் பின்னணியில் நட்சத்திரங்களால் ஆன இலை இருக்கும், 2010 முதல் அங்கே அது கட்டாயம். இத்தாலியில் ஆர்கானிக் என்பதற்கு 'பயோலோஜிகோ' என்றுதான் போடுவார்கள். இலைக்குக் கீழே சின்ன எழுத்தில் விளைந்த இடமும் இருக்கும். இத்தாலி என்று நேராகப் போட்டிருக்கலாம், ஐரோப்பிய ஒன்றியம் என்றிருக்கலாம், ஒன்றியத்துக்கு வெளியே என்றும் இருக்கலாம். இத்தாலியில் செய்த பாஸ்தா என்பதால் கோதுமையும் இத்தாலியில் விளைந்தது என்று ஆகாது. நம்ம ஊர்ச் சரக்கில் ஜைவிக் பாரத் முத்திரை பாருங்கள்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். போன வருஷம் ஒரு கடையில் 'ஆர்கானிக் இத்தாலியன்' என்று அட்டையில் பெரிதாக எழுதியிருந்த ஒரு பெட்டியை வாங்கினேன். பாஸ்தா, தக்காளிச் சாந்து, காய்ந்த இலைகள் எல்லாம் ஒரே பெட்டியில். வீட்டுக்கு வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எந்த முத்திரையும் இல்லை. பாஸ்தாவில் வண்டு. திருப்பிக் கொடுக்கப் போனால் பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்றார்கள். பிரிக்காமல் வண்டு இருப்பது எப்படித் தெரியும்?

மார்ச் 8, காலை 6.50
ஸ்பாகெட்டி காய்ந்த வைக்கோல் மாதிரி ஆகிவிடுகிறது, எண்ணெய் எல்லாம் தட்டில் தனியாக நிற்கிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டீர்கள், அதுதான் காரணம்.

அந்தத் தண்ணீர் வேறொன்றும் இல்லை, வடிகஞ்சிதான். மாவுச்சத்து கரைந்து கொழகொழப்பாக இருக்கும். பூண்டெண்ணெயில் அதை ஒரு கரண்டி ஊற்றி, முக்கால் பதம் வெந்த ஸ்பாகெட்டியைப் போட்டு இரண்டு நிமிஷம் வேகமாகப் புரட்டினால் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் ஒன்றாகச் சேர்ந்து பால் நிறத்தில் பூசிக்கொள்ளும். வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குக் கஞ்சியின் ஒட்டும் குணத்தை நான் சொல்லித்தர வேண்டாம், எங்க ஆயா காலத்தில் ஒரு சொட்டு வடிகஞ்சியைக் கொட்ட மாட்டார்கள். பாதி குடிப்பதற்கு, மீதி வேட்டிக்கு. கஞ்சியை மதித்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சமையல் சீக்கிரம் வரும் என்று நான் மனசார நம்புகிறேன்.

கணக்கு: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. கஞ்சி கெட்டியாக வேண்டுமென்றால் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம், உப்பையும் சேர்த்துக் குறையுங்கள். எங்கள் தெருவில் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், அதனால் நான் கேன் தண்ணீரில்தான் வேகவைக்கிறேன்.

மார்ச் 8, காலை 7.05
வேகும் தண்ணீரில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். எண்ணெய் மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் வழுக்கலாகப் படிந்துவிடும், அப்புறம் சாறு ஒட்டாது.

மார்ச் 16, இரவு 9.30
இன்று பீச் ஸ்டேஷன் பக்கம் போயிருந்தேன், செகண்ட் லைன் பீச் ரோட்டில் நின்று அத்தோ சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இந்தக் கேள்வி பதில் இழைதான் ஞாபகம் வந்தது.

அத்தோவில் என்ன இருக்கிறது? நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பொரித்த பூண்டு. அப்புறம் அந்தப் பூண்டைப் பொரித்த எண்ணெய். அந்தக் கடைக்காரர் கையால் பிசையும்போது எண்ணெயை ஒரு சுற்று ஊற்றுவாரே, அந்த ஒரு சுற்றில்தான் ருசி முழுவதும் வருகிறது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. இன்றைக்கு வடசென்னையில் பிறந்த பிள்ளைக்கு இட்லி மாதிரி இதுவும் சொந்தச் சாப்பாடு. பூண்டின் வாசத்தை எண்ணெய்க்குள் இறக்கி, அந்த எண்ணெயால் மாவுப் பண்டத்தை வாசமாக்குவது அத்தோவுக்கும் உண்டு, அண்ணன் செய்த ஸ்பாகெட்டிக்கும் உண்டு. ஒன்றை ஒன்று பார்த்துச் செய்ததில்லை. ஆனால் அத்தோ தின்று வளர்ந்த நாக்குக்கு இத்தாலிப் பூண்டெண்ணெய் அந்நியமாகப் படாது. என் மகள் முதல் வாயிலேயே "அத்தோ வாசனை வருதும்மா" என்றாள், அவளுக்கு அப்போது ஏழு வயசு.

பெரம்பூர் வாசகிக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்களோ என்று பயப்படாதீர்கள்.

மார்ச் 23, மாலை 5.20
எண்ணெய். நிறையக் கேள்வி வந்திருக்கிறது.

ஆலிவ் எண்ணெயில் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்பது இயந்திரத்தில் பிழிந்ததோடு சரி, சுத்திகரிப்பு கிடையாது, அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நம்ம செக்கெண்ணெய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'போமஸ்' என்று எழுதி விலை குறைவாக விற்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் ஊற்றி எடுத்துச் சுத்திகரித்தது. பஜ்ஜி சுட அது போதும். பூண்டு ஸ்பாகெட்டிக்கு உதவாது, வாசமே இருக்காது. பெரிய டின் வாங்காதீர்கள், நம்ம வெயிலுக்கு அடுப்பு மேடையில் வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். நான் கால் லிட்டர் கண்ணாடிப் பாட்டில் வாங்கி, காலண்டர் தாளைச் சுற்றி, அலமாரிக்குள் வைக்கிறேன்.

செக்குக் கடலை எண்ணெயில் செய்யலாமா என்று கேட்ட கொருக்குப்பேட்டை தம்பிக்கு: செய்து பார்த்தேன். தக்காளிச் சாற்றுக்கு ரொம்ப நன்றாகவே வருகிறது, தக்காளியின் புளிப்புக்கு வேர்க்கடலை வாசம் எடுபடுகிறது. வெறும் பூண்டுக்கு மட்டும் எண்ணெய் பூண்டை அமுக்கிவிடுகிறது. நல்லெண்ணெய் வேண்டாம். அதை ஊற்றினால் புளியோதரை ஞாபகம்தான் வரும்.

தக்காளிக்கு வருகிறேன். நேப்பிள்ஸ் பக்கம், வெசுவியஸ் எரிமலைக்கு அருகே உள்ள சமவெளியில் விளையும் சான் மார்சானோ தக்காளிக்குத்தான் பேர். நீளமாக, விதை குறைவாக, சதைப்பிடிப்பாக இருக்கும். டின்னில் கிடைக்கிறது, விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இங்கே நாட்டுத் தக்காளி புளிப்பு, தண்ணி அதிகம், வாசம் பிரமாதம். பெங்களூர்த் தக்காளி சதை அதிகம், வாசம் கம்மி. அதனால் பாதிக்குப் பாதி. மார்க்கெட்டில் நன்றாகப் பழுத்ததாக எடுத்து, வீட்டில் இன்னும் இரண்டு நாள் வெளியில் வைத்துவிடுங்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, கையால் பிசைந்து, பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயில் 25 நிமிஷம். வெங்காயம் வதக்கி, இஞ்சி போட்டு, கரம்மசாலா தூவுவதென்றால் அது தக்காளித் தொக்கு. தொக்கு எனக்கும் பிடிக்கும், ஆனால் இன்றைக்கு அது வேண்டாம்.

ஆர்கானிக்குக்கு நான் காசு கொடுப்பது இங்கேதான். தோலோடு, பச்சையாக, கொஞ்சமாக வேகவைத்துச் சாப்பிடுகிற காய்களுக்கு. மாதம் ஒருமுறை தெரிந்த விவசாயி ஒருவர் திருவள்ளூர் பக்கத்திலிருந்து தக்காளியும் கத்தரியும் கொண்டுவருவார். அவரிடம் முத்திரை இல்லை. நான் அவர் நிலத்தைப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 24, காலை 11.00
ஒரு திருத்தம். முன்பு, பார்மிஜானோ என்ற இத்தாலியக் கெட்டிச் சீஸ் சைவம்தானே என்று கேட்டவருக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தேன். தப்பு. பாலைத் திரிக்க அதில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள், அதுதான் அதன் முறை, மாற்ற மாட்டார்கள். சௌகார்பேட்டையிலிருந்து எழுதிய அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அவர் வீட்டில் முட்டை கூட ஆகாது. பச்சைப் புள்ளி போட்ட, நம்ம நாட்டில் செய்த கெட்டிச் சீஸ் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பூண்டு ஸ்பாகெட்டிக்குச் சீஸே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 6, இரவு 8.45
இன்று காசிமேட்டில் நெத்திலி. விடியற்காலை ஐந்து மணிக்குப் போனோம், ஃபைபர் படகு ஒன்று அப்போதுதான் கரைக்கு வந்திருந்தது, வெள்ளிக்கம்பி மாதிரி மின்னியது. மீன்காரம்மா ஒரு கூறு அள்ளி வைத்து, மேலே இன்னொரு கை போட்டார்.

நெத்திலியும் இத்தாலிக்காரர்கள் 'அலிச்சி' என்று சொல்கிற மீனும் ஒரே குடும்பம். அங்கே அதை உப்புப் போட்டு அடுக்கடுக்காகப் பீப்பாயில் வைத்து, மேலே கல்லை ஏற்றி மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். சேத்தாரா என்ற கடலோர ஊரில் அதிலிருந்து சொட்டும் தண்ணீரைக்கூடப் பிடித்து வைத்துப் பாஸ்தாவில் ஊற்றுகிறார்கள். கருவாட்டுத் தண்ணீரின் அருமை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

நான் செய்தது பச்சை நெத்திலியில். தலையைக் கிள்ளி, கட்டைவிரலால் வயிற்றைப் பிளந்து நடுமுள்ளை இழுத்தால் அப்படியே வந்துவிடும். அரைக் கிலோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, அத்தையும் நானும் உட்கார்ந்து செய்தோம். பூண்டெண்ணெயில் மிளகாய், அப்புறம் மீன், இரண்டே நிமிஷம், பாதி கரைந்துவிடும், பாதி நிற்கும். கஞ்சித் தண்ணீர் ஊற்றி ஸ்பாகெட்டியைப் புரட்டி, மேலே ரொட்டித்தூள். இத்தாலியின் சிசிலித் தீவில் சீஸ் வாங்க வசதியில்லாதவர்கள் பழைய ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் வறுத்துத் தூவினார்கள், இன்றைக்கு வசதி வந்த பிறகும் அதை விடவில்லை. இனிப்பு பன் வேண்டாம், உப்பு ரொட்டியாக இருக்கட்டும்.

அத்தை மஞ்சள் போடாத மீனைச் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரி என்று எண்ணெயில் ஒரு சிட்டிகை போட்டேன். ருசி கெடவில்லை, நிறம் அழகாக வந்தது. அதே சிசிலியில் மத்தி போட்ட பாஸ்தாவுக்குக் குங்குமப்பூ சேர்ப்பார்கள், அதனால் மஞ்சள் நிறம் அங்கேயும் புதுசில்லை.

ஏப்ரல் 7
நெத்திலிக் கருவாடு போடலாமா? போடலாம், ஆனால் கரையாது. வெயிலில் காய்ந்தது வேறு, உப்பில் ஊறியது வேறு. மொறுமொறுவென்று வறுத்து நொறுக்கி ரொட்டித்தூளோடு கலந்துவிடுங்கள். ஸ்பாகெட்டித் தண்ணீரில் உப்பைப் பாதியாகக் குறையுங்கள், கருவாட்டிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 20, மதியம் 2.30
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கிறது, கரையோரம் போகிற படகில் வருவதற்கு விலை ஏறிவிட்டது. அதனால் கொஞ்ச நாளைக்குக் கோதுமை பேசலாம்.

ரவையில் பாஸ்தா செய்யலாம், இரண்டும் ஒன்றுதான் என்று ஆரம்பத்தில் ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். திருத்திக்கொள்கிறேன். இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை டியூரம் என்ற கடினக் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967 முதல் சட்டமே இருக்கிறது. அதனால்தான் வெந்தாலும் நடுவில் ஒரு கடி நிற்கும், 'அல் டென்டே' என்பது அதுதான், பல்லுக்குத் தெரிகிற பதம். நம்ம பாம்பே ரவை பெரும்பாலும் சப்பாத்திக் கோதுமையில் உடைத்தது, பிசைந்து வேகவைத்தால் குழைந்துவிடும்.

ஆனால் சம்பா கோதுமை இருக்கிறதே, அது டியூரத்துக்கு நெருங்கின சொந்தம். அதையேதான் டஸ்கனி மலைப்பக்கம் 'ஃபாரோ' என்று சொல்லிப் பயறோடு சேர்த்துச் சூப்பாகக் காய்ச்சுகிறார்கள். அந்த ஃபாரோ இங்கே கடையில் என்ன விலை என்று பார்த்துவிட்டு, நான் நாட்டு மருந்துக் கடையில் சம்பா கோதுமை வாங்கி ராத்திரி ஊறவைத்து, ராஜ்மா, பூண்டு, கேரட், கொஞ்சம் தக்காளி போட்டுக் காய்ச்சினேன், இறக்கிய பிறகு மேலே பச்சையாக ஆலிவ் எண்ணெய் ஒரு கரண்டி. வீட்டுக்காரர் பெட்டிக்கடை வைத்திருப்பவர், ராத்திரி பத்தரைக்கு வருவார், சோறு இறங்காது. இது இரண்டு கிண்ணம் இறங்கியது.

இன்னொன்று: நல்ல பாஸ்தாப் பொட்டலத்தில் வெண்கல அச்சில் பிழிந்தது என்று போட்டிருக்கும். நிஜமாகவே வித்தியாசம் உண்டு. அம்மாவின் பித்தளை முறுக்கு அச்சில் பிழிந்தால் முறுக்கின் மேல் சொரசொரப்பாக இருக்குமே, அப்படி. வழவழ அச்சில் பிழிந்த பாஸ்தாவில் சாறு நிற்காமல் வழிந்துவிடும். ஆர்கானிக் என்ற வார்த்தைக்குக் கொடுக்கிற கூடுதல் காசை, கையில் குறைவாகத்தான் இருக்கிறது என்றால், இந்தச் சொரசொரப்புக்குக் கொடுங்கள் என்பேன். நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் கிராக்னானோ என்ற ஊரில் ஒரு காலத்தில் தெருவிலேயே கொம்பு நட்டுப் பாஸ்தாவைக் கடல்காற்றில் காயப்போட்டிருந்தார்கள். காசிமேட்டில் கருவாடு காய்வதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் அந்த ஊரைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை, ரோமாபுரியை அல்ல.

மே 11, காலை 7.15
பேசில் இலைக்கு இருபது கிராம் டப்பாவுக்கு அநியாய விலை கொடுக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சப்ஜா விதை வீட்டில் இருக்கிறதா? ஃபலூடாவில் போடுவோமே, அதுதான். அது திருநீற்றுப் பச்சிலையின் விதை, திருநீற்றுப் பச்சிலை பேசில் இனமேதான். வறுக்காத விதையாகப் பார்த்து, ஈர மண்ணின் மேல் தூவி, லேசாக மண் தூவினால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். மொட்டை மாடியில் மூன்று பையில் வைத்திருக்கிறேன். இந்த வெயிலுக்கு மதியம் நிழல் வேண்டும், பழைய சேலையைக் கட்டியிருக்கிறேன். பூ விடும்போது கிள்ளிக்கொண்டே இருங்கள், விட்டால் இலை சிறுத்துவிடும்.

ஜெனோவா வகை அளவுக்கு இனிப்பு வாசம் இருக்காது, கொஞ்சம் சோம்பும் கிராம்பும் கலந்த மாதிரி காரமாக இருக்கும். துளசி வேறு, அதைப் போடாதீர்கள்.

மே 12
பெஸ்டோ, அதாவது பேசில் இலைத் துவையல், செய்தாயிற்று. பேர் வந்ததே இடிப்பது, நசுக்குவது என்ற அர்த்தத்தில்தான், ஜெனோவாவில் சலவைக்கல் உரல். நான் அம்மியில். பூண்டு ஒரு பல்லும் கல் உப்பும் முதலில், அப்புறம் முந்திரி, அப்புறம் இலை, பிறகு சீஸ், கடைசியில் எண்ணெய். அங்கே பைன் கொட்டை போடுவார்கள், நம்மால் முடியாது. மிக்சியில் அடித்தால் சூடேறி இலை கறுத்துவிடுகிறது. அவசரத்துக்கு மிக்சிதான் என்றால் ஜாரை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, விட்டு விட்டு அடியுங்கள்.

ஜெனோவாவில் பாஸ்தா வேகும் அதே தண்ணீரில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டு ஒன்றாக வடித்துப் பெஸ்டோவில் பிரட்டுவார்கள். அண்ணன் சொன்னபோது நான் நம்பவில்லை, மாவோடு கிழங்கா என்று. நேற்று செய்தேன். கிழங்கு ஓரம் கரைந்து பெஸ்டோவைப் பிடித்துக்கொள்கிறது. அண்ணன் இப்போது இல்லை. இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.

ஜூன் 17, காலை 9.00
பெரம்பூர் வாசகி எழுதியிருக்கிறார், பூண்டு ஸ்பாகெட்டி நாலு பேருக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்ததாம், மாமனார் அப்பளம் கேட்டுத் தொட்டுக்கொண்டாராம். தாராளமாகத் தொட்டுக்கொள்ளட்டும்.

படகெல்லாம் கடலுக்குப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேடு போகிறேன், நெத்திலி கிடைத்தால் இந்தத் தடவை பாதியை உப்பில் அடுக்கிக் கண்ணாடி ஜாடியில் வைத்துப் பார்க்கப்போகிறேன், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். மூன்று மாதம் கழித்து என்ன ஆனது என்று எழுதுகிறேன்.

மாடிப் பச்சிலையில் ஒரு செடியைக் கிள்ளாமல் விட்டிருந்தேன், விதை முற்றிவிட்டது. கல்மண்டபம் பக்கம் வருபவர்கள் இழையில் சொல்லுங்கள், பொட்டலம் கட்டி வைக்கிறேன்.